மலை மரமூஞ்சூறும் அது அமரும் குடுவையும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற முறை நாம் இங்கு வந்திருந்தபோது, கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில் ஒரு சிறுவன் ஓடிவந்து தன் கையிலிருந்த சிறு பிராணி ஒன்றைக் காட்டினான். எலிப்பொறியில் அகப்பட்டு இறந்துபோன அது, பார்வைக்கு அணிலைப் போலவே இருந்தது. மூக்கு மட்டும் அணிலின் மூக்கைக் காட்டிலும் நீண்டு கூர்மையாகத் தோன்றியது. "இது என்ன அணில், ஐயா?" என்று அவன் கேட்டான். ஊர் திரும்பும் அவசரத்தில் நாம், "இதுவும் ஒருவகை அணில்தான், தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டோம். அது தவறான விடை. பிள்ளை ஒருவன் அறிய விரும்பிக் கேட்டதற்குத் தவறான விடை தந்துவிட்டோமே என்னும் எண்ணம் நெடுநாள் நம்மை உறுத்தியது. இன்றைய உரை அக்கடனைத் தீர்க்கும் பொருட்டேயாகும்.

அச்சிறுவன் கொண்டுவந்தது அணிலன்று. மரமூஞ்சூறு என்னும் வேறோர் உயிர். ரப்பர்க் காட்டின் ஓரங்களிலும், லயங்களின் பின்னாலுள்ள பழமரங்களிலும் அதனை நீங்கள் பன்முறை கண்டிருப்பீர்கள்; கண்டும் அணிலென்றே எண்ணியிருப்பீர்கள். அதில் வியப்பில்லை. மலாய் மொழியில் அணிலுக்கும் இதற்கும் 'துப்பாய்' என்னும் ஒரே பெயர்தான் வழங்குகிறது. ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1821ஆம் ஆண்டில் இவ்வினத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அந்த மலாய்ச் சொல்லையே எடுத்துத் 'துப்பாயா' என அமைத்தார். இதன் உறவினம் ஒன்று தென்னிந்தியக் காடுகளிலும் உண்டு. அங்குள்ள தமிழ் மக்கள் அதனை மூங்கில் அணத்தான் என்றழைத்தனர். அச்சொல்லிலிருந்து 'அனத்தானா' என்னும் அறிவியல் பெயர் பிறந்தது. ஆக, இச்சிறு குடும்பத்தின் இரு கிளைகளில் ஒன்று மலாய்ப் பெயரையும் மற்றொன்று தமிழ்ப் பெயரையும் தாங்கி உலகெங்கும் அறியப்படுகின்றன. நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியே.

வேறுபாட்டை எவ்வாறு கண்டுகொள்வது? வாயைப் பார்த்தால் போதும். அணில் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு என உளிபோன்ற பற்கள் முன்னே நீண்டிருக்கும். அவற்றுக்குப் பின்னால் பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கும். மரமூஞ்சூற்றுக்கோ சிறியவும் கூரியவுமான பற்கள் 38 உண்டு. அணிலுக்கு மீசை நீளம். இதற்கு அத்தகைய நீண்ட மீசை இல்லை. இதன் காது, மனிதக் காதைச் சிறிதாக்கி ஒட்டவைத்தாற்போன்று காணப்படும். வீட்டில் இரவில் கீச்சிட்டோடும் மூஞ்சூற்றுக்கும் இதற்கும் பெயரளவிலன்றி வேறு நெருக்கமில்லை. ஒரு காலத்தில் அறிஞர்கள் இதனைக் குரங்கினத்தோடு சேர்த்து எண்ணினர். 1920களின் தொடக்கத்தில் சரவாக்கில் மருத்துவ அதிகாரியாகப் பணிபுரிந்த லெ கிரோஸ் கிளார்க் என்பார் இதன் மூளையையும் எலும்பையும் ஆராய்ந்து அக்கருத்தை வலியுறுத்தினார். பின்வந்தவர்கள் அதனை ஏற்காமல், அணிலும் அல்லாத, குரங்கும் அல்லாத தனி வரிசை ஒன்றை இதற்கென வகுத்துவிட்டனர்.

தாழ்நிலத்து மரமூஞ்சூற்றைப் பற்றிச் சொல்வதற்கும் நிறைய உண்டு. ஆயினும் இன்று நாம் விரிவாகப் பேச எண்ணுவது அதன் மலைவாழ் உறவினத்தைப் பற்றியே. ஏனெனில் அந்த மலை மரமூஞ்சூறும் அங்கே வளரும் ஒரு செடியும் செய்துகொண்டுள்ள கொடுக்கல் வாங்கல், உரமிட்டு மரம் வளர்த்துப் பழகிய உங்களுக்கு மற்றெவரைக் காட்டிலும் எளிதில் விளங்கும்.

மலை மரமூஞ்சூறு போர்னியோத் தீவின் மலைகளில் மட்டுமே வாழ்வது. நம் நாட்டில் சபா, சரவாக் ஆகிய இரு மாநிலங்களிலும் அது உண்டு. 1892ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர் ஓல்ட்ஃபீல்டு தாமஸ் அதனைத் தனி இனமென விவரித்தார். கினாபாலு மலையில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேல்வரை அது காணப்படுகிறது. கினாபாலுவின் உச்சி 4,095 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய அரைப் பாகை வெப்பம் குறையும் என்பது கணக்கு. தோட்டத்து நண்பகலில் வியர்வை வழிய நிற்கும் நமக்கு, அம்மலையின் பாதி உயரத்திலேயே போர்வை தேவைப்பட்டுவிடும். மரங்கள் பாசியுடுத்திக் குட்டையாக நிற்கும். பிற்பகலானால் மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது.

நாம் அம்மலைப்பாதையில் சென்றபோது வழியிலுள்ள ஓர் ஓய்வுக் குடிலில் அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். காலடியில் சருகு சலசலத்தது. பழுப்பு நிறத்தில், சாணுக்கும் குறைந்த உடலும் கிட்டத்தட்ட அதே நீள வாலுமாக ஒன்று வந்து நின்று மூக்கை ஆட்டிற்று. நம்முடன் வந்த நண்பர், "அணில் பசியோடு வந்திருக்கிறது" என்று கூறி ரொட்டித் துண்டொன்றை எறிந்தார். அது துண்டைக் கவ்விக்கொண்டு மறைந்தது. வழிகாட்டியாக வந்த கடசான் இனத்துப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, அதற்கு இங்கே உணவுக்குப் பஞ்சமில்லை, ரொட்டி தின்னப் பழக்காதீர்கள்" என்றார். நண்பருக்கு முகம் சிறுத்துவிட்டது. அச்சிறுவனுக்கு நாம் சொன்ன விடை அப்போது நம் நினைவுக்கு வந்தது என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம்.

அந்தப் பெரியவர் சொன்னது உண்மையே. மலை மரமூஞ்சூற்றின் எடை 100 முதல் 150 கிராம் வரைதான். ஆயினும் அது விடிந்ததிலிருந்து அந்திவரை ஓயாமல் இரைதேடும். பெரும்பாலும் தரையிலும் தாழ்ந்த புதர்களிலும் திரியும். மூக்கால் சருகைக் கிளறிப் பூச்சி, புழு, சிலந்தி ஆகியவற்றைப் பிடித்து, முன்னங்கால்கள் இரண்டாலும் பற்றிக்கொண்டு உண்ணும். பழம் கிடைத்தால் விடாது. இக்குடும்பத்தாரின் குடல் நீளம் குறைந்தது. உண்ட பழம் அரை மணி நேரத்துக்குள்ளாகவே கழிவாகி வெளியேறிவிடும் என்று, சபாக் காடுகளில் இவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த லூயிஸ் எம்மன்ஸ் அம்மையார் கண்டறிந்தார். உண்ணுமிடத்துக்கும் கழிக்குமிடத்துக்கும் தொலைவு அதிகமிராது என்பதே இதன் பொருள். இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

உணவைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. பேராக் மாநிலத்துத் தாழ்நிலக் காட்டில் இறகு போன்ற வால்நுனி கொண்ட வேறொரு மரமூஞ்சூறு இருக்கிறது. அது இரவில் திரிவது. அங்குள்ள பெர்த்தாம் பனையின் பூவில் ஊறும் தேன் தானாகவே புளித்துக் கள்ளாகிவிடுகிறது. அதில் சாராயத்தின் அளவு 3.8 விழுக்காடு வரை எட்டுவதுண்டாம். இந்தப் பிராணி இரவுதோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்பூக்களில் அதனைப் பருகுகிறது என 2008ஆம் ஆண்டில் ஆய்வறிக்கை ஒன்று வெளிவந்தது. ஆயினும் அது தள்ளாடுவதுமில்லை, கிளையிலிருந்து விழுவதுமில்லை, வீட்டில் சண்டை பிடிப்பதுமில்லை. நம்மவர் யாரும் இதனை முன்மாதிரியாகக் காட்டி வாதாட வேண்டா. அதன் உடல் வேறு, நம் உடல் வேறு.

இனித் தாய்மார்கள் செவிசாய்க்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

மரமூஞ்சூற்றுத் தாய் தன் குட்டிகளோடு உறங்குவதில்லை. குட்டிகளுக்கென்று ஒரு கூடு. தனக்கென்று வேறொரு கூடு. மரப்பொந்தில் காய்ந்த இலைகளை நிரப்பிய கூட்டில் ஒன்று முதல் மூன்று குட்டிகள் வரை ஈனும். உடலில் மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கும் அக்குட்டிகளுக்கு வயிறு நிறையப் பாலூட்டிவிட்டுத் தாய் போய்விடும். மறுநாள் வராது. அதற்கும் அடுத்த நாளே, அதாவது ஏறத்தாழ 48 மணி நேரம் கழித்தே, திரும்பி வரும். வந்தாலும் சில நிமிடங்கள்தாம். பாலூட்டியதும் மீண்டும் புறப்பட்டுவிடும். நாய், பூனைகளைப் போன்று குட்டிகளை நக்கித் துடைப்பதுமில்லை, அணைத்துக் கிடப்பதுமில்லை. 1960களில் ராபர்ட் மார்ட்டின் என்பவர் கூண்டில் வளர்த்த மரமூஞ்சூறுகளிடம் இவ்வழக்கத்தைக் கண்டு எழுதியபோது, இப்படியும் ஒரு தாய் இருக்குமா என்று பலர் ஐயுற்றனர். கூண்டில் அடைபட்டதால் வந்த கோளாறாக இருக்குமோ என்றும் கருதத் தோன்றியது. பின்னர் எம்மன்ஸ் அம்மையாரும் ஆலிம் பியுன் அவர்களும் சபாக் காட்டில், தரையில் வாழும் பெரிய மரமூஞ்சூற்றுத் தாயொன்றைக் கண்காணித்து, காட்டிலும் இதே வழக்கம்தான் என்று 1991ஆம் ஆண்டில் எழுதினர். ஒன்றுவிட்டு ஒருநாள் வருகை; வந்தால் சில நிமிடம்; அவ்வளவே.

இதைக் கேட்டதும், "என்ன கல்நெஞ்சத் தாய்!" என்று சிலர் முணுமுணுக்கக் கூடும். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் காட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாம்பும் மரநாயும் மோப்பம் பிடித்தே இரை தேடுகின்றன. தாய் அடிக்கடி வந்துபோனால் அதன் வாடை வழிநெடுகப் படிந்து, கூட்டுக்குப் பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும். ஆகவே வரவைக் குறைத்துக்கொள்வதே குட்டிகளுக்குக் காப்பு என்று அறிஞர்கள் விளக்குகின்றனர். வரவு குறைவாயினும் பாலில் குறை வைப்பதில்லை. அதன் பாலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கொழுப்பு. நம் பசுவின் பாலில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே கொழுப்பு இருக்கும். குட்டிகளின் வயிறு பந்துபோல் உப்பும்வரை ஊட்டிவிட்டே தாய் அகலும். அடுத்த வரவுவரை அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சூடு காத்துக் கிடக்கும். ஒரு மாதத்துக்குச் சற்று மேலானதும் கூட்டை விட்டு வெளியே வந்துவிடும்.

விடியுமுன் எழுந்து, உறங்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடிய தாய்மார்களை இத்தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுள்ளன. பால் எடுத்து முடித்துத் திரும்பும்வரை அவர்கள் நெஞ்சு எங்கே இருந்தது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அகன்றிருக்கும் தாயை அன்பில்லாதவள் என்று யாரும் இங்கே கூறமாட்டார்கள் என நம்புகிறோம்.

இப்போது செடிக்கு வருவோம். சதுப்பு ஓரங்களிலும் காட்டோரங்களிலும் வளரும் குடுவைச் செடியை உங்களில் பலர் அறிவீர்கள். மலாய்க்காரர்கள் அதனைப் 'பெரியுக் கெரா', குரங்கின் பானை, என்பர். இலை நுனியில் மூடியுடன் கூடிய சிறு குடுவை தொங்கும். வழுக்கும் விளிம்பில் வந்தமரும் எறும்பும் ஈயும் உள்ளே விழுந்து, அதிலுள்ள நீரில் கரைந்து, செடிக்கு உணவாகும். மண்ணில் தழைச்சத்து இல்லாத இடங்களில் செடி இவ்வாறு உயிர்களைப் பிடித்து அச்சத்தைப் பெறுகிறது. இளம் ரப்பர்க் கன்றுகளின் இடையே நிலத்தை மூடிப் படரவிடும் கொடிகள் எதற்காக என்பது உங்களுக்குத் தெரியும். அவை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. குடுவைச் செடிக்கு அந்த வித்தை இல்லை. ஆகவே அது பிடித்துத் தின்கிறது.

கினாபாலு மலையில் இக்குடுவைகள் வியக்கத்தக்க அளவுக்குப் பெரிதாக வளர்கின்றன. அவற்றை வெளியுலகுக்கு அறிவித்தவருக்கும் உங்களுக்கும் ஓர் உறவு உண்டு. 1851ஆம் ஆண்டில் ஹியூ லோ என்னும் ஆங்கிலேயர் அம்மலையில் ஏறிப் புதுவகைக் குடுவை ஒன்றைக் கண்டெடுத்தார். அது அவர் பெயராலேயே லோ குடுவை எனப்பட்டது. இதே ஹியூ லோ 1877ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் பிரிட்டிஷ் ஆலோசகராக வந்தார். அவ்வாண்டில் சிங்கப்பூர் வழியே வந்த ரப்பர்க் கன்றுகளில் சில, குவாலா கங்சாரில் அவரது இல்லத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்து வெட்டிய மரங்களுக்கெல்லாம் மூத்த மரங்களை நட்டு வளர்த்தவர், மலையிலே இந்தக் குடுவையையும் கண்டவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1858ஆம் ஆண்டில் லோ மீண்டும் கினாபாலுவுக்குச் சென்றார். உடன் சென்றவர் ஸ்பென்சர் செயின்ட் ஜான். அப்போது அவர்கள் ராஜா குடுவை என இன்று அழைக்கப்படும் மாபெரும் குடுவையைக் கண்டனர். இரண்டு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளக்கூடிய குடுவை அது. ஒன்றில் எலி மூழ்கிச் செத்துக் கிடந்தது. செயின்ட் ஜான் இதனைத் தம் நூலில் எழுத, அன்றுமுதல் 'எலியைத் தின்னும் செடி' என்னும் புகழ் அதற்கு நிலைத்துவிட்டது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் உலகம் அவ்வாறே நம்பி வந்தது. செத்த எலி ஒன்றைப் பார்த்தவர்கள், உயிரோடு வந்து போகும் பிராணிகளைப் பார்க்கக் காத்திருக்கவில்லை.

காத்திருந்து பார்த்தவர்கள் பின்னால் வந்தனர். சார்ல்ஸ் கிளார்க், ஜோனதன் மோரன், லிஜின் சின் முதலிய ஆய்வாளர்கள் மலைகளில் குடுவைகளின் எதிரே ஒளிப்பதிவுக் கருவிகளை வைத்துப் பொறுமையாக நோக்கினர். லோ குடுவைக்கு மலை மரமூஞ்சூறு வருகிறது. குடுவையின் வாயில், குதிரையில் ஏறுவதைப் போல், ஏறி அமர்கிறது. நிமிர்ந்து நிற்கும் மூடியின் உட்புறத்தில் ஊறியிருக்கும் வெண்மையான இனிப்புப் பசையை நக்குகிறது. நக்கிக்கொண்டே பின்புறத்தால் குடுவைக்குள் கழிவை விடுகிறது. பின்பு இறங்கிச் சென்றுவிடுகிறது. விழவுமில்லை, மூழ்கவுமில்லை. அந்தக் கழிவே செடிக்கு உரம்!

கூட்டத்தில் சிரிப்பொலி கேட்கிறது. சிரிக்கலாம், ஆனால் கணக்கையும் கேளுங்கள். சரவாக்கின் முலு மலையில் நடத்திய ஆய்வில், வளர்ந்த லோ குடுவைச் செடியின் இலைகளிலுள்ள தழைச்சத்தில் 57 முதல் 100 விழுக்காடு வரை மரமூஞ்சூற்றின் கழிவிலிருந்தே வந்தது என்று 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதாவது, சில இலைகள் முழுக்க முழுக்க இச்சிறு பிராணி தந்த உரத்தாலேயே வளர்ந்தவை.

மங்கு கட்டத் தெரிந்த உங்களுக்கு அடுத்த செய்தி சிறப்பாக விளங்கும். மரத்தில் மங்கை எங்கே வைப்பது என்பதில் அளவு உண்டல்லவா? வெட்டுக்கோட்டின் முடிவில், பால் சொட்டும் இடத்துக்கு நேர்கீழே இருக்க வேண்டும். சற்று விலகினால் பால் மண்ணுக்குப் போய்விடும். அதைப் போலவே இச்செடியும் அளவு பார்த்து அமைந்திருக்கிறது. குடுவையின் வாயின் முன்விளிம்புக்கும் மூடியில் இனிப்பு ஊறும் இடத்துக்கும் உள்ள தொலைவு, மலை மரமூஞ்சூற்றின் உடல் நீளத்தோடு பொருந்துகிறது என 2010ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். இனிப்பை எட்டி நக்க வேண்டுமானால் அதன் பின்புறம் குடுவையின் வாய்க்கு நேராக வந்தே தீர வேண்டும். வேறு எங்கு நின்றாலும் வாய் எட்டாது. உண்ட சிறிது நேரத்தில் கழிக்கும் குடல் என்று முன்னே கூறினோமே, அதனையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

லோ குடுவைச் செடி இளமையில் இவ்வாறு செய்வதில்லை. தரையோடு ஒட்டிய இளஞ்செடியின் குடுவைகள் மற்றக் குடுவைகளைப் போல எறும்பையே பிடிக்கின்றன. செடி கொடியாகி மேலேறிய பின்புதான் வழுக்கும் விளிம்பு மறைந்து, வாய் அகன்று, சுவர் மரம்போல் உறுதியாகி, பிராணியின் பாரத்தைத் தாங்கும் குடுவைகள் தோன்றுகின்றன.

ராஜா குடுவையோ ஒருவரை மட்டும் நம்பியிருப்பதில்லை. பகலில் அங்கே வருவது மலை மரமூஞ்சூறு. இரவில் வருவது கினாபாலுவின் உயர்ந்த பகுதிகளில் வாழும் ஒருவகை எலி. பகல் முறைக்காரர் போனதும் இரவு முறைக்காரர் வந்து, அதே மூடியை நக்கி, அதே குடுவையில் உரமிட்டுச் செல்கிறார். 2011ஆம் ஆண்டில் இந்த இரவுச் செய்தியும் அறியப்பட்டது. எப்போதாவது ஓர் எலி வழுக்கி விழுந்து மூழ்குவதும் உண்டு. செயின்ட் ஜான் கண்டது அப்படியொரு விபத்தாகவே இருந்திருக்கும்.

இவ்வளவு அழகாக அமைந்த இந்த ஏற்பாடு இன்று அசைக்க முடியாததாக இல்லை. ராஜா குடுவை உலகிலேயே கினாபாலு மலையிலும் அதன் அண்டையிலுள்ள தம்புயுக்கோன் மலையிலும் மட்டும், அதுவும் சத்துக் குறைந்த ஒருவகைக் கல்மண்ணில் மட்டும் வளர்வது. கினாபாலு 1964ஆம் ஆண்டில் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபிடமும் ஆயிற்று. பன்னாட்டு வணிகத்தில் விற்கக் கூடாத செடிகளின் முதற்பட்டியலில் ராஜா குடுவை இடம்பெற்றிருக்கிறது. இவ்வளவு காப்பிருந்தும், அழகுக்காக வளர்ப்போருக்கு விற்பதற்கென்று திருட்டுத்தனமாகத் தோண்டி எடுப்பவர்களால் அது குறைந்து வந்துள்ளது.

திருடனைச் சட்டம் தடுக்கலாம்; வெப்பத்தை எந்தக் காவலர் தடுப்பார்? 1965ஆம் ஆண்டில் கினாபாலுவில் வெவ்வேறு உயரங்களில் அந்துப்பூச்சிகளைப் பிடித்துக் கணக்கெடுத்தனர். 42 ஆண்டுகள் கழித்து, 2007இல், அதே இடங்களுக்குச் சென்று மீண்டும் எடுத்தனர். பூச்சியினங்கள் சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. வெப்பம் கூடக் கூடக் குளிர்ச்சியை நாடி அவை மேலேறுகின்றன. மலை மரமூஞ்சூற்றுக்குக் கால்கள் இருக்கின்றன. அதுவும் மேலே ஏறலாம். ஆனால் மலை மேலே போகப்போகக் குறுகும். உச்சியில் வெறும் பாறை. செடிக்கோ கால்களும் இல்லை. தனக்குரிய மண் எங்கிருக்கிறதோ அங்கேதான் அது நிற்க முடியும். பிராணி மேலே சென்றுவிட்டால், வளர்ந்த லோ குடுவை இனிப்பை ஊறவைத்துக்கொண்டு வெறும் வாயோடு காத்து நிற்கும். எறும்பு பிடிக்கும் வழுக்கு விளிம்பை அது இளமையிலேயே விட்டுவிட்டதல்லவா?

சபாவுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டுவோர்க்கு ஒரு செய்தி. உச்சிவரை ஏற வேண்டியதில்லை. கினாபாலு பூங்காத் தலைமையகத்திலேயே மலைத் தாவரத் தோட்டம் ஒன்று உண்டு. குடுவைச் செடிகளை அங்கே காணலாம். விடியற்காலையில் சென்று, பேச்சில்லாமல் ஓரிடத்தில் அமருங்கள். சருகு சலசலக்கும். கையில் ரொட்டி இருந்தால் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எலிப்பொறியோடு வந்த அந்தத் தம்பி இன்று இங்கே இருக்கிறானா? கடைசி வரிசையில் கை உயர்ந்தது கண்டு மகிழ்ச்சி. தம்பி, அது அணில் அன்று. அது பூச்சியையும் பழத்தையும் தேடி வந்திருக்கும். உன் வீட்டு அரிசியைத் தேடி வந்திராது. அடுத்த முறை பொறியில் உயிரோடு அகப்பட்டால், கடிபடாமல் கதவைத் திறந்துவிடு. ஓடும்போது மூக்கைப் பார்.